கதவில்லாத இலகு ஸ்போர்ட்ஸ் கார்: சிறிய காற்றுத் தடுப்பா, முழு முன்கண்ணாடியா?

இலகுரதம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 1957-இல் காலின் சாப்மன் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவனின் வழியில் வந்த இரண்டு இருக்கைக் கார் ஒன்றைப் பாகங்களாக வாங்கி, பதினான்கு மாதங்களாக என் கையாலேயே கட்டி வருகிறேன். என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் வேலைகள் முடிந்து, வண்டி தானாக ஓடும் நிலைக்கு வந்துவிட்டது. இப்போது டாஷ்போர்டுக்கு மேலே உள்ள அலுமினியத் தகட்டில் துளையிட வேண்டிய கட்டத்தில் கையில் டிரில்லோடு நின்றுகொண்டிருக்கிறேன். டாஷ்போர்டுக்கு மேலே தாழ்வாக நிற்கும் சிறிய காற்றுத் தடுப்புக்கான துளைகள் ஓரிடத்திலும் முழு முன்கண்ணாடியின் தாங்கு கால்களுக்கான துளைகள் வேறிடத்திலும் வருகின்றன. அலுமினியத்தில் தவறான இடத்தில் போட்ட துளையை மறைக்கலாமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது என்பதால், முடிவெடுத்த பிறகே வேலையைத் தொடங்க விரும்புகிறேன்.

வண்டியை நான் இரண்டு விதமாகப் பயன்படுத்தப்போகிறேன். விடுமுறை நாள் காலைகளில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சுற்றிவருவது ஒன்று. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பந்தயத் தடத்தில் ஓட்டுவது மற்றொன்று. சாலைப் பயணங்களில் பெரும்பாலும் என் மனைவியும் உடன் வருவார். அவர் மூக்குக் கண்ணாடி அணிபவர்.

சிறிய தடுப்பின் மீது எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டியின் உருவம் அதனால்தான் முழுமை பெறுகிறது என்று தோன்றுகிறது. ரெனோ ஸ்போர்ட் ஸ்பைடர் காரைப் பற்றிப் படித்தபோது, சிறு தடுப்பு மட்டும் உள்ள வடிவம் 930 கிலோ என்றும், முன்கண்ணாடியும் வைப்பரும் பொருத்திய வடிவம் 965 கிலோ என்றும் அறிந்தேன். என் வண்டி அதைவிட மிகவும் எடை குறைந்தது என்பதால், எடையில் வரும் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும் அல்லவா? நண்பர் ஒருவரின் வண்டியில் காகிள்ஸ் மட்டும் அணிந்து இருபது நிமிடம் பயணித்ததுதான் இதுவரை எனக்குள்ள நேரடி அனுபவம். அந்த இருபது நிமிடமும் மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் இறங்கியபோது காதுக்குள் ஓர் இரைச்சல் நெடுநேரம் நீடித்தது.

காற்று, கல், மழை, சட்டம் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்து, இவற்றோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வளிவழி:

உங்கள் கேள்வியில் எடை முதலிடம் பெற்றிருக்கிறது. ஆனால் இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டியது காற்றின் விளிம்பு உங்கள் தலையின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதே என்று நான் கருதுகிறேன். சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 நியூட்டன் அழுத்தம் உண்டாகிறது. 140 கிலோமீட்டரில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 900 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது. ஹெல்மெட் அணிந்த தலையின் பரப்புக்கும் உருண்டை வடிவத்துக்கும் கணக்கிட்டால், நூறு கிலோமீட்டரில் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடை தலையைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதற்குச் சமம். இந்த விசை ஒரே சீராக இருந்தால் கழுத்து அதற்கு விரைவில் பழகிவிடும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் நாள் முழுவதும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கழுத்தையும் கண்ணையும் களைப்படையச் செய்வது சீரற்ற காற்றுதான்.

சிறிய தடுப்பு காற்றை நிறுத்துவதில்லை, மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதன் மேல்விளிம்பைத் தாண்டும் வேகமான காற்றுக்கும், தடுப்பின் நிழலில் தேங்கி நிற்கும் மெதுவான காற்றுக்கும் இடையே ஒரு மெல்லிய எல்லைப் படலம் உருவாகிறது. அந்தப் படலம் அமைதியாக இருப்பதில்லை. சுருள் சுருளாக உருண்டு, பின்னே செல்லச் செல்ல அகலமாகிறது. உங்கள் தலை முழுவதும் அதற்கு மேலே இருந்தால் வலுவான, ஆனால் சீரான காற்று படும். முழுவதும் அதற்குக் கீழே இருந்தால் அமைதி கிடைக்கும். தாடைக்கும் நெற்றிக்கும் நடுவே அந்தப் படலம் வந்து மோதினால், ஹெல்மெட்டை யாரோ இரண்டு கைகளாலும் பிடித்து விடாமல் உலுக்குவது போல இருக்கும். தடுப்பை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து உயர்த்துபவர்கள், பல வேளைகளில் மார்பில் பட்டுக்கொண்டிருந்த அந்தக் கொந்தளிப்பைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். மிகத் தாழ்ந்த தடுப்பும் முழுக் கண்ணாடியும் தத்தம் வழியில் நன்றாக வேலை செய்ய, இடைப்பட்ட உயரம் இரண்டின் குறைகளையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

முழுக் கண்ணாடி பொருத்தினால் காற்றுத் தொல்லை அறவே நீங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். செவன் வகைக் கார்களின் கண்ணாடி ஏறத்தாழ செங்குத்தாக நிற்பது. அதன் பின்னே அழுத்தம் குறைந்த பகுதி உண்டாகி, அதை நிரப்பப் பின்புறத்திலிருந்து காற்று முன்னோக்கிச் சுழன்று வருகிறது. திறந்த காரில் போகிறவர்களின் கூந்தல் பின்னே பறக்காமல் முகத்தின் மேல் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மெர்சிடீஸ் 1989-இல் தன் ஆர்129 எஸ்எல் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் வலைத் தடுப்பை வைத்தது இந்தத் திரும்பும் காற்றைத் தடுக்கத்தான். உங்கள் வண்டியில் கதவுகளும் இல்லை என்பதால், கண்ணாடியின் பக்கவாட்டு விளிம்புகளிலிருந்தும் காற்று சுருண்டு உள்ளே வந்து வெளிப்புறத் தோளையும் காதையும் தாக்கும். கண்ணாடியின் கால்களில் கையகலச் சிறு தகடுகளைப் பக்கவாட்டில் பொருத்தினால் இது பெருமளவு தணியும்.

இந்த எல்லைப் படலத்தை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு, 2019-இல் மெக்லாரன் வெளியிட்ட, முன்கண்ணாடி இல்லாத எல்வா கார் நல்ல எடுத்துக்காட்டு. முகப்பில் காற்றை உள்வாங்கி, ஓட்டுநருக்கு முன்னே வேகமாக வெளியேற்றி, எழும்பி நிற்கும் ஒரு கார்பன் தகட்டின் துணையோடு காற்றைத் தலைக்கு மேலே தூக்கிவிடும் அமைப்பை அதற்காகவே உருவாக்கினார்கள். பின்னர் அதே நிறுவனம் முழுக் கண்ணாடி பொருத்திய எல்வாவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே துளையிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய ஒட்டுப்பலகையில் தடுப்பின் உருவத்தை வெட்டி, கிளாம்ப் கொண்டு தகட்டில் பிடிக்கச் செய்து, மூன்று உயரங்களில் ஓட்டிப் பாருங்கள். பலகை எந்த உயரத்திலும் உங்கள் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும், ஓட்டம் மூடிய தடத்தில் மட்டுமே நடக்கட்டும். ஹெல்மெட்டின் பக்கங்களிலும், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பியான ரோல் பாரிலும் பத்து சென்டிமீட்டர் நீளக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் படம் எடுங்கள். நூல் நேராக நீண்டு நின்றால் அங்கே காற்று சீராக இருக்கிறது. துடித்துச் சுழன்றால் அங்கேதான் படலம் இருக்கிறது. நூல் தொங்கினால் அது அமைதியான நிழல்.

ஆறாண்டுச்செவன்:

ஆறு ஆண்டுகளாகச் சிறிய கார்பன் தடுப்போடு ஓட்டி வருகிறேன். அதை விரும்பித் தேர்ந்தவன், இன்றும் விரும்புபவன். ஆயினும் உங்கள் நிலையில் இருந்தால் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், எதிரே வந்த லாரியின் பின் சக்கரத்திலிருந்து எழும்பிய கல் ஒன்று என் ஹெல்மெட்டின் முகமூடியில், இடது கண்ணுக்கு நேராக, மோதியது. ஓசை கேட்ட பிறகுதான் அடிபட்டதே தெரிந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, முகமூடியில் மிளகு அளவுக்கு வெண்மையான ஒரு குழி விழுந்து, அதிலிருந்து இரண்டு மயிரிழை விரிசல்கள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. பத்து கிராம் எடையுள்ள கல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அதன் ஆற்றல் நான்கு ஜூலுக்குச் சற்றுக் குறைவு. எதிர்த்திசையிலிருந்து வந்து இருவரின் வேகமும் சேர்ந்து 180 ஆகிவிட்டால் அது 12.5 ஜூல் ஆகிறது. காற்றுத் துப்பாக்கிக் குண்டுகளின் ஆற்றல் இந்த அளவில்தான் இருக்கிறது. நான் அன்று முகம் முழுவதும் மூடிய ஹெல்மெட் அணிந்திருந்தேன். அதற்கு முந்தைய கோடையில், வெப்பம் தாளாமல், பலமுறை காகிள்ஸ் மட்டும் அணிந்து அதே சாலையில் போயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

எனவே என் முதல் விதி இது: சிறிய தடுப்பு என்றால் முழு ஹெல்மெட், விலக்கே இல்லை. காகிள்ஸ் கண்ணை மட்டும் காக்கும். வண்டு ஒன்று கன்னத்தில் மோதினாலே கை ஒரு கணம் ஸ்டியரிங்கை விட்டு எழும்பிவிடும். ஹெல்மெட் கட்டாயம் என்றானபின் அதனோடு வரும் மற்றவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சிக்னலில் நிற்கும்போது உள்ளே வியர்த்து ஊற்றும். பக்கவாட்டுப் பார்வை குறையும், ஆகவே சந்திப்புகளில் தலையை முழுவதுமாகத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதற்கு இன்டர்காம் இல்லாமல் முடியாது. என் மனைவி முதல் ஆண்டில் நான்கு முறை வந்தார், பிறகு வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

மழையைப் பொறுத்தவரை, பலரும் அஞ்சும் அளவுக்கு மோசமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரை ஹெல்மெட்டின் முகமூடியில் நீர் நிற்பதில்லை, தலையை லேசாகச் சாய்த்தால் துளிகள் ஓடிவிடும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும்தான் பார்வை மங்குகிறது. கையுறையின் கட்டை விரலில் ரப்பர் விளிம்பு தைத்த வகை கிடைக்கும், அதுவே என் வைப்பர்.

நன்மையையும் சொல்லிவிடுகிறேன். செங்குத்தான கண்ணாடி காற்றில் ஒரு சுவர் போன்றது. அது இல்லாதபோது அதிவேகத்தில் வண்டி தடையின்றி முன்னேறுவதை ஆக்ஸிலரேட்டரில் வைத்த பாதத்தால் உணர முடியும். முன் சக்கரங்கள் இரண்டும் தெளிவாகத் தெரிவதால், வளைவின் உள்விளிம்பில் டயரை எங்கே வைக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே வைக்கலாம். பந்தயத் தடத்தில் இதற்கு ஈடே கிடையாது.

பராமரிப்பு பற்றி ஒரு வரி. பாலிகார்பனேட்டில் செய்த ஒளி ஊடுருவும் தடுப்பை வாங்கினால், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ பெட்ரோலையோ அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். உடனே பாதிப்புத் தெரியாது. சில வாரங்களில் திருகாணித் துளைகளைச் சுற்றி நுண்ணிய விரிசல்கள் தோன்றும்.

மழைத்துளி:

முழுக் கண்ணாடி வைத்திருப்பவன் சார்பில் சுருக்கமாக ஒன்று. கூரை போட்டு மழையில் போனால் உள்ளே மூச்சுக் காற்றாலேயே கண்ணாடி ஆவி படிந்துவிடும், ஆகவே சூடேற்றும் கம்பியிழைகள் பதித்த கண்ணாடியையே வாங்குங்கள். பகலில் அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் நட்சத்திரம் போலச் சிதறித் தெரியும். எனக்கு அது பழக ஒரு மாதம் ஆயிற்று. உங்கள் மனைவி கண்ணாடி அணிபவர் என்பதால், இரவுப் பயணம் அதிகம் உண்டென்றால் வாங்குமுன் அவரை அப்படிப்பட்ட வண்டியில் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள்.

செவிப்புலன்:

நான் காது கேட்புத் துறையில் பணியாற்றுபவள். எங்கள் வீட்டிலும் ஒரு திறந்த கார் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது: இருபது நிமிடப் பயணத்துக்குப் பிறகு காதில் நீடித்த இரைச்சல். தயவுசெய்து அதைப் பயணத்தின் மிச்சச் சுவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்செவியின் மயிரணுக்கள் தாங்கும் அளவை மீறிய ஒலியைச் சந்தித்துள்ளன என்பதற்கு அது அடையாளம். ஓரிரவு ஓய்வில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சரியாகும் என்ற உறுதி இல்லை, இழந்த அணுக்கள் மீண்டும் வளர்வதும் இல்லை.

அளவுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணிநேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அப்படிக் கணக்கிட்டால் 94 டெசிபலில் ஒரு மணிநேரமும், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடமும்தான் அனுமதி. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஒலி எளிதாக நூறைத் தொட்டுவிடும். ஹெல்மெட் தலையைக் காக்கிறது, காதைக் காப்பதில்லை. அதன் கழுத்து விளிம்பில் காற்று உரசும் ஓசையே உள்ளே பெரிதாக ஒலிக்கிறது. நீங்கள் நூற்றைம்பது கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால் அது இரண்டு மணிநேரம். சிறிய தடுப்போடு போவதானால் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் இல்லாமல் புறப்படவே கூடாது. அதை அணியும் முறையும் முக்கியம்: விரல்களுக்கிடையே மெல்லிய திரி போல உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதுத் துளையின் வாயிலில் மட்டும் செருகிவைத்தால், உறையில் எழுதிய பயனில் பாதிகூடக் கிடைக்காது. முழுக் கண்ணாடியிலும் இரைச்சல் உண்டு, ஆகவே நீண்ட பயணத்தில் அங்கும் அணிவது நல்லது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவருக்குச் சிறிய தடுப்பு இரட்டைத் தொல்லை. ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியின் காதுக் கம்பிகள் பொட்டில் அழுத்தும், அதோடு ஹெல்மெட்டின் உட்பஞ்சுக்கும் தலைக்கும் இடையே இடைவெளி உண்டாகி இரைச்சலும் கூடும். காண்டாக்ட் லென்ஸ் போட்டால் காற்றில் கண் உலர்ந்து எரியும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்று தொழிற்சாலையிலிருந்தே வரும் ரோட்ஸ்டர்களில் (திறந்த இரு இருக்கைக் கார்களில்) முன்கண்ணாடியை அகற்றிச் சிறிய தடுப்பு வைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அங்கே கண்ணாடிச் சட்டம் உடற்கட்டின் ஒரு பகுதி, வண்டி கவிழும்போது தாங்கும் அமைப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. பயணி பக்கத்து ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, கண்ணாடியில் முட்டித் திரும்பியே பயணியை நோக்கி வரும்படி அமைக்கப்படுவது வழக்கம். கண்ணாடி இல்லையேல் அந்தப் பை முட்டித் திரும்ப இடமில்லாமல் போய்விடும். செவன் வகை வண்டியில் நிலைமை வேறு. அங்கே கண்ணாடிச் சட்டத்தைக் கவிழ்வுப் பாதுகாப்பாக நம்ப முடியாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் தலைக்கு மேலே உயரும் ரோல் பார் வேண்டும்.

பழையபட்டறை:

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவன். "அல்லது" என்ற சொல்லே இந்தக் கேள்விக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. இந்த இரண்டும் நெடுங்காலம் ஒரே வண்டியில் சேர்ந்தே இருந்தவை.

1907 முதல் 1939 வரை இயங்கிய, இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தின் பெயரையே அந்த அரைவட்டச் சிறு கண்ணாடிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. விமானிகளின் முன்னிருந்த சிறு தடுப்பைப் பார்த்துப் பிறந்த வடிவம் அது. அந்தக் காலத்து எம்ஜி டி (T) வகைக் கார்களில் முழுக் கண்ணாடியை அப்படியே முன்னோக்கி மடித்துப் படுக்கவைக்கலாம். படுக்கவைத்தபின் அதற்குப் பின்னே இரண்டு சிறு தடுப்புகள் நிற்பதுண்டு. பந்தயத்துக்கு மடிப்பார்கள், வீடு திரும்பும்போது நிமிர்த்துவார்கள். பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் எதை முதலில் சேர்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 1957-இல் ஜாகுவார் தன்னிடம் மிஞ்சியிருந்த டி-டைப் (D-type) பந்தயக் கார்களை எக்ஸ்கேஎஸ்எஸ் என்ற சாலைக் காராக மாற்றியபோது, தாழ்ந்த பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிட்டுச் சட்டமிட்ட முழுக் கண்ணாடியையும் வைப்பரையும் பொருத்தியது. 2008-இல் கண்ணாடியே இல்லாமல் வந்த கேடிஎம் எக்ஸ்-போவுக்கும் 2013-இல் கண்ணாடி பொருத்திய ஜிடி என்ற வடிவம் வந்தது.

முழுக் கண்ணாடியின் தரத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைத் தவிர வேறெதையும் முன்னால் வைக்காதீர்கள். எத்துவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1903-இல் தன் ஆய்வகத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று உடைந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டார். உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலமே சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று படலம் வேறு, தத்துவம் அதுவேதான். உங்கள் முகத்துக்கு ஐம்பது சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் நிற்க வேண்டும்.

எடைக் கணக்கில் ஒரு திருத்தம். ஸ்பைடரின் அந்த 35 கிலோவையும் கண்ணாடியின் எடையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம், வைப்பர், அதன் மோட்டார், நீர்த்தொட்டி எல்லாம் சேர்ந்துதான் எடை கூடுகிறது. செவனின் கண்ணாடி சிறியது, தட்டையானது, சட்டமும் எளிது. எடையை எண்ணிக் கவலைப்பட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த எடை வண்டியில் சற்று உயரத்தில் அமர்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே பதிவு செய்யும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: முன்கண்ணாடி இருந்தால் வைப்பரும் நீர் தெளிப்பானும் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரிட்டனில், கண்ணாடியின் ஊடாகப் பார்க்காமலேயே முன்னே போதிய அளவு தெரியுமானால் வைப்பர் கட்டாயமில்லை என்று விதி விலக்களிக்கிறது. தாழ்ந்த தடுப்புகள் அங்கே சாலையில் ஓடுவது அந்த விலக்கினால்தான். உங்கள் நாட்டு விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இலகுரதம்:

நேரம் ஒதுக்கி எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. வளிவழி சொன்ன சோதனையை மூடிய தடம் ஒன்றில் செய்து பார்த்துவிட்டேன். மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை 10, 16, 22 சென்டிமீட்டர் உயரங்களில் வெட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டில் சிவப்புக் கம்பளி நூல்களை மூன்று வரிசையாக, தாடையிலும் கண் மட்டத்திலும் உச்சியிலும் ஒட்டினேன். மனைவியும் ஹெல்மெட்டோடும் காதடைப்பானோடும் உடன் வந்தார், அவர் ஹெல்மெட்டிலும் நூல்களை ஒட்டினோம்.

பத்து சென்டிமீட்டரில் என் நூல்கள் மூன்றும் கோடு போட்டதுபோல் பின்னோக்கி நீண்டு நின்றன. காற்று பலமாக இருந்தது, ஆனால் தலை அசையவில்லை. பதினாறில், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், தாடை நூல் தொங்கிப்போயிற்று, கண் மட்டத்து நூல் பைத்தியம் பிடித்ததுபோல் சுழன்றது. என்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள்ளைப் படிக்க முடியாத அளவுக்குத் தலை அதிர்ந்தது. இருபத்திரண்டில் தாடையும் கண்ணும் அமைதியாகி, கொந்தளிப்பு உச்சிக்கு ஏறியது. அதுவும் களைப்பூட்டியது. என்னைவிட உயரம் குறைந்த என் மனைவிக்கோ முற்றிலும் வேறு கதை. எனக்கு மிக நன்றாக இருந்த பத்து சென்டிமீட்டரில்தான் அவருக்குக் கண் மட்டத்து நூல் துடித்தது. என்னைத் துன்புறுத்திய இருபத்திரண்டில் அவருடைய நூல்கள் மூன்றும் அசையாமல் தொங்கின. ஒரே தடுப்பு எங்கள் இருவருக்கும் பொருந்தாது என்பதைப் படத்தில் பார்த்தபோதுதான் உண்மையாகவே புரிந்துகொண்டேன்.

சாலைக்கு முழுக் கண்ணாடி என்று முடிவு செய்துவிட்டோம். லேமினேட்டட், சூடேற்றும் இழைகளோடு, பக்கவாட்டுத் தகடுகளோடு. தடத்துக்கு, என் பக்கம் மட்டும், பத்து சென்டிமீட்டர் தடுப்பு. கண்ணாடியின் கால்களைத் தகட்டில் நேரடியாக இறுக்காமல், உள்ளே மரை பதித்த ரிவெட்டுகளைப் பொருத்தி, கழற்றி மாட்டும்படி செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு நான்கு முறை கழற்றி மாட்டினால் கண்ணாடிக்குக் கேடு வருமா என்பதுதான் மிஞ்சியிருக்கும் ஒரே ஐயம்.

பழையபட்டறை:

கழற்றி மாட்டுவதால் கேடு வராது, இறுக்கும் முறையால் வரும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் நுழைத்து, சட்டம் தானாக ஒரு நிலைக்கு வந்து அமர விடுங்கள். பிறகு இடம் வலம் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால், இரண்டு கால்களும் இணையாக இல்லாதபோது சட்டம் முறுகி, அந்த முறுக்கு கண்ணாடிக்குப் போகும். அன்று ஒன்றும் ஆகாது, குளிர்ந்த காலையில் சூடேற்றியைப் போட்டவுடன் கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பும். காலுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள், அலுமினியத் தகட்டின் அடியில் ஓர் எஃகுத் துண்டை வைத்து ரிவெட்டின் சுமையைப் பரப்புங்கள்.

சூடேற்றும் கண்ணாடி மிகுந்த மின்னோட்டம் இழுக்கும். அதற்குத் தனி ஃப்யூஸும் ரிலேயும் தடித்த வயரும் வேண்டும், வைப்பர் வயரோடு சேர்க்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றும்போது வயரையும் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், நீர் புகாத இணைப்பி ஒன்றை டாஷ்போர்டின் கீழே கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு துளையிடத் தொடங்குங்கள்.